எர்த்து போடாத வீடு

செஞ்சியில் எந்த வீட்டு மோட்டார் புகைந்தாலும், இரைந்தாலும், ஓடாமல் முறைத்துக்கொண்டு நின்றாலும், முதலில் வாயில் வருகிற பேர் வளவன்தான். திண்டிவனம் ரோட்டில் பெட்ரோல் பங்கைத் தாண்டி, ஒரு டீக்கடைக்கும் டயர் கடைக்கும் நடுவில், மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறான். கரிந்த செம்புக் கம்பியைப் பிரித்து எறிந்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் காய வைத்து, ஓட விட்டுக் காட்டுவான். ஓட விடும்போது ஒரு வேடிக்கை செய்வான். ஒரு ரூபாய்க் காசை மோட்டார் முதுகில் நட்டமாக நிறுத்திவிட்டு சுவிட்சைப் போடுவான். மோட்டார் ஓடும், காசு விழாது. பார்க்கிற விவசாயி வாயைப் பிளப்பான். "காசு உழுந்துதுன்னா கூலி வேணாங்க" என்பான் வளவன். எனக்குத் தெரிந்து விழுந்ததில்லை.

இந்தப் பெருமை சும்மா வந்ததில்லை. அப்பனும் அம்மாவும் அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கி இவனை ஐ.டி.ஐ. படிக்க வைத்தார்கள். படித்து முடித்தவனை மதித்து யாரும் வேலை கொடுக்கவில்லை. இவனே ஒரு தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்தான். முதலில் காலனிக்காரர்கள் மிக்ஸி கொண்டு வந்தார்கள், அப்புறம் ஊர்க்காரர்கள் மோட்டார் கொண்டு வந்தார்கள். மோட்டார் எரிந்துவிட்டால் பயிர் வாடும், அந்த நேரத்தில் யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்க யாருக்குப் பொழுது இருக்கிறது? வேலை சுத்தமாக இருந்தது, கடை நின்றது. தொண்டூரிலிருந்து மங்கையைக் கட்டினான். பெண் குழந்தை பிறந்தது. இளவேனில் என்று பேர் வைத்தார்கள்.

வீடு கட்டியதுதான் கோட்டைப் பக்கம். மனை மலிவாகக் கிடைத்தது. ஏன் மலிவு என்று கடக்கால் எடுக்கும்போது தெரிந்தது. அரை முழம் மண், அதற்குக் கீழே முழுப் பாறை. செஞ்சியில் இது புதிதா? மேலே மூன்று மலை நிற்கிறதென்றால் அதன் வேர் எங்கே போகும், நம் வீட்டுக்குக் கீழேதான். கடப்பாறையை ஓங்கிப் போட்டால் ணங்கென்று திரும்பி வந்து தோளைக் குலுக்கும்.

வாசலில் தரைத்தொட்டி, மேலே டேங்க், நடுவில் ஒரு சின்ன மோட்டார். கடையில் யாரோ வேண்டாமென்று விட்டுப்போன மோட்டாருக்குக் காயில் கட்டி, வளவன் தன் வீட்டுக்குக் கொண்டு வந்து மாட்டினான். இரண்டு ஒயரைக் கொடுத்தான். மூன்றாவது பச்சை ஒயர் சும்மா தொங்கியது.

"இது இன்னாத்துக்குத் தொங்குது?" என்று மங்கை கேட்டாள்.

"அது எர்த்து. குழி தோண்டி பைப்பு எறக்கி அதுல கட்டணும். இப்ப தோண்டுனா கடப்பாறதான் ஒடியும். மழ வரட்டும், பாற சந்துல மண்ணு எளகும், அப்ப பாத்துக்கலாம்."

"ஊரான் மோட்டாருக்கெல்லாம் எர்த்து போடு எர்த்து போடுன்னு கத்துற. நம்ம வூட்டுக்கு மட்டும் மழ வரணுமா?"

"தோண்டுறவன் நானா நீயா?" என்று சிரித்தான்.

செஞ்சியில் பாதிப் பேர் இப்படித்தான் சொல்லுவார்கள். வேலி நடணுமா, மழை வரட்டும். முருங்கை வைக்கணுமா, மழை வரட்டும். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று சும்மாவா சொன்னார்கள். ஆனாலும் வேலிக்குச் சொல்கிற பதிலை மின்சாரத்துக்குச் சொல்லலாமா? இதைச் சொன்னவன் ஊருக்கே மோட்டார் வைத்தியன். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

மழை வந்தது. ஐப்பசியில் விட்டு விட்டுப் பெய்து, ஒரு காலையில் கொஞ்சம் ஓய்ந்தது. டேங்கில் தண்ணீர் இல்லை. வளவன் கடைக்குப் போய்விட்டான். மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறவில்லை, காற்று அடைத்திருந்தது. சுவிட்சை அணைத்துவிட்டு மங்கை வெறுங்காலோடு ஈர மண்ணில் இறங்கி, மோட்டார் மூடியைத் திறந்து ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, மூடியைத் திருகினாள். திருகிக்கொண்டே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "பாப்பா, சுவிட்ச போடு!"

இளவேனிலுக்கு அப்போது எட்டு வயது. ஸ்டூலின் மேல் ஏறிப் போட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து மெயினை அணைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வந்து பார்த்தவர்கள், மோட்டாருக்குள் நுழைகிற இடத்தில் ஒயரை எலி கடித்திருப்பதைப் பார்த்தார்கள். கம்பி வெளியே தெரிந்து மோட்டாரின் உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. எலிதான் என்று சொன்னார்கள். பாழாப்போன எலி ஒரு குடும்பத்தையே சாய்த்துவிட்டதே என்று மார்பில் அடித்துக்கொண்டார்கள். எலி கடித்தது பொய்யில்லை. ஆனால் பச்சை ஒயர் மட்டும் மண்ணுக்குள் இறங்கியிருந்தால், கசிந்த கரண்ட் அதன் வழியே ஓடி, ஃப்யூஸ் பட்டென்று போயிருக்கும். மங்கை "இன்னாடி சத்தம்?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்திருப்பாள். இது அங்கே கூடியிருந்தவர்களில் ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் மங்கையின் தலைமாட்டில் உட்கார்ந்து சுவரில் முட்டிக்கொண்டிருந்தான். யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

கருமாதி முடிந்ததும் மங்கையின் அண்ணன் ஜெயராமன், "பாப்பா கொஞ்ச நாளு எங்க வூட்ல இருக்கட்டும் மாப்ள" என்று தொண்டூருக்குக் கூட்டிக்கொண்டு போனான். கொஞ்ச நாள் ஒரு வருஷத்தையும் தாண்டியது. அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள்.

அந்தக் குழந்தை எந்த சுவிட்சையும் தொடுவதில்லை. பொழுது சாய்ந்தால் இருட்டிலேயே உட்கார்ந்திருப்பாள், ஜெயராமனின் பெண்சாதி, அவள் அத்தை, வந்து லைட் போடும்வரை. ஃபேன் வேண்டுமென்றால் கேட்கமாட்டாள், வேர்த்துக்கொண்டே படுத்திருப்பாள். மாமா வீட்டு மோட்டார் ரூம் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை. உன்மேல தப்பு ஒன்னும் இல்லம்மா, எலி பண்ண வேல என்று அத்தை எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தாள். ஒருநாள் குழந்தை திருப்பிக் கேட்டாள். "எலி கடிச்சுது, சரி. சுவிட்ச போட்டது எலியா?"

அத்தை இதை வளவனிடம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவன் மிக்சரும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு தொண்டூர் போவான். மகள் வாங்கிக்கொள்வாள். ஆனால் நேராக ஒரு வார்த்தை பேசமாட்டாள். "சாப்டியாம்மா?" என்று கேட்டால், "சாப்ட்டேன்னு சொல்லு அத்த" என்பாள். அவன் மூஞ்சியைப் பார்க்க அவளுக்குக் கூச்சம். அம்மாவைக் கொன்றுவிட்டேன், நைனா எப்படி என்னைப் பார்ப்பார் என்று நினைத்தாளோ என்னவோ. அத்தை சொன்னதைக் கேட்ட அன்று வளவன் வண்டியை நாட்டார்மங்கலம் ஏரிக்கரையில் நிறுத்திவிட்டு வாய்விட்டு அழுதான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், குழந்தையின் பாரம் இறங்கிவிடும். சொன்னால் அவள் சுவிட்சைத் தொடுவாள், அப்பனைத் தொடமாட்டாள். அது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. மகளை எப்படியாவது வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும், அதற்கப்புறம் சமயம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். திரும்பவும் மழை வரட்டும் என்கிற கதைதான்.

இப்படி இருக்கும்போதுதான் தொண்டூர்ப் பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சர் கலைச்செல்வி, ஜெயராமன் மூலமாகச் சொல்லி அனுப்பினார். பிள்ளைகளை வைத்துப் படம் வரைகிற ரோபோ செய்யப் போகிறாராம். சின்ன மோட்டார் வேண்டும், மோட்டார் தெரிந்த ஆள் ஒருத்தர் கூட இருந்தால் நல்லது, இளவேனில் அப்பா வருவாரா?

வளவனுக்கு எங்கிருந்தோ உயிர் வந்தது. செல்லும் மோட்டாரும் வைத்துப் பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் மகளும் இருப்பாள். பயம் தெளிந்தால் வீட்டுக்கு வந்துவிடுவாள். பழைய இரும்புக் கடைக்குப் போய் உடைந்த டிவிடி பிளேயர்களையும் பொம்மைக் கார்களையும் பொறுக்கி, அதிலிருந்த கட்டைவிரல் அளவு மோட்டார்களைக் கழற்றினான். ஒவ்வொன்றையும் துடைத்து, ஒயர் வைத்துப் பற்றவைத்து, சின்னச் சின்ன சுவிட்சும் சேர்த்தான். அன்றைக்குக் கடையில் வந்த ஆட்களை எல்லாம் நாளைக்கு வா என்று விரட்டினான்.

சனிக்கிழமை பள்ளிக்கூட ஹாலில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தார்கள். செய்முறை ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஒரு பேப்பர் கப்பைக் கவிழ்த்து, அதைச் சுற்றி மூன்று ஸ்கெட்ச் பேனாவை டேப் போட்டு ஒட்டினால் கால் ஆகிவிடும். கப்பின் தலையில் மோட்டார், பக்கத்தில் பென்சில் செல். மோட்டார் முனையில் ஒரு ரப்பர் துண்டைச் செருகவேண்டும். ஓட விட்டால் கப்பு குதித்துக்கொண்டே காகிதத்தில் கிறுக்கும். டீச்சர் இதை போனில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார், இதுவரை செய்ததில்லை.

முதலில் ஒன்றைச் செய்துகாட்டுங்கள் என்றார். வளவன் ரப்பரை பிளேடால் வட்டமாகச் சீவினான். நடுவில் ஊசியால் துளை போட்டான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுற்றிப் பார்த்தான், ஒரு பக்கம் ஒரு நூல் அதிகமாகத் தெரிய, அதையும் சீவினான். கப்பின் உச்சியில் மோட்டாரை மயிரிழை பிசகாமல் நிறுத்தினான். சுவிட்சைப் போட்டான். மோட்டார் சுற்றியது. கப்பு பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"மிஸ், ரோபோ தூங்குது!" என்று ஒரு வாண்டு கத்தியது. ஹாலே சிரித்தது.

வளவனுக்கு வேர்த்துவிட்டது. செல்லை மாற்றினான், பேனாவைத் தள்ளி ஒட்டினான், திரும்பவும் ரப்பரைச் சீவினான். சீவச் சீவ அது இன்னும் அழகாகச் சுற்றியதே தவிர, கப்பு ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. இத்தனை வருஷமும் ஆடுகிற மோட்டாரை ஆடாமல் நிறுத்தியே பழகின கை. ஆட வை என்றால் அதற்கு எங்கே தெரியும்?

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "மிஸ், ரப்பர நடுவுல குத்தக் கூடாது. ஓரத்துல குத்தணும். ஒரு பக்கம் கனமா இருந்தா தான் ஆடும்."

இளவேனில்தான். கடையில் தவழ்ந்து வளர்ந்த பிள்ளை அல்லவா. ஒரு பக்கம் கனத்தால் மோட்டார் ஆடும் என்று அப்பன் எத்தனை பேருக்குச் சொல்லக் கேட்டிருப்பாள். டீச்சர் ரப்பரை வாங்கி ஓரத்தில் குத்திச் செருகினார். அவ்வளவுதான், கப்புக்குச் சாமி வந்துவிட்டது. மூன்று காலையும் உதறிக்கொண்டு சார்ட் பேப்பர் முழுக்க சிவப்பும் பச்சையும் நீலமுமாய்ச் சுழித்துக்கொண்டு ஓடியது. பிள்ளைகள் கூச்சல் தாங்கவில்லை. இளவேனிலும் சிரித்தாள். அவள் சிரித்து வளவன் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு ஓரமாகத் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அப்புறம் எல்லாரும் செய்தார்கள். ஒரு பிள்ளை கப்புக்கு மீசை வரைந்தது, இன்னொன்று ஜடை பின்னியது. ஹால் முழுக்கக் கப்புகள் குதித்து ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டன. இளவேனிலும் செய்தாள். ஒயரைக்கூடத் தானே முறுக்கினாள். முடித்து காகிதத்தில் வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த பிரவீணாவிடம், "நீ போடு" என்றாள். பிரவீணாவுக்கு இது பழக்கம்தான், வகுப்பில் இளவேனிலுக்காக ஃபேன் போடுகிறவளும் அவள்தான். கையை நீட்டினாள்.

டீச்சர் தடுத்தார். "இளவேனில், நீயே போடும்மா. இது செல்லு. ஷாக்கே அடிக்காது."

"எப்டித் தெரியும் மிஸ்?"

"உங்க நைனாவையே கேப்போமா? அண்ணே, சொல்லுங்கண்ணே. செல்லுல ஏன் ஷாக் அடிக்காது, வூட்டு மோட்டார்ல ஏன் அடிக்குது? பசங்களுக்கு எல்லாம் புரியறாப்புல சொல்லுங்க."

டீச்சருக்கு எர்த்து விஷயம் ஒன்றும் தெரியாது. நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். வளவனும் நல்ல எண்ணத்தில்தான் எழுந்து நின்றான். மகள் இப்போதுதான் முதல்தடவையாக அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது ரொம்ப சின்ன கரண்டு. கைய வெச்சாக்கூடத் தெரியாது. வூட்ல வர்றது பெருசு. அதனால அதுக்கு ரெண்டு ஒயரு பத்தாது, மூணாவதா ஒன்னு வேணும். எர்த்துன்னு பேரு. மோட்டார் ஒடம்புலேர்ந்து மண்ணுக்குள்ள போவும். உள்ள எங்கனா ஒயரு பிஞ்சி கரண்டு லீக் ஆச்சின்னா, அது நம்ம மேல பாயாம மண்ணுக்குப் போயிடும். ஃப்யூஸும் போயிடும். ஆளு பொழச்சிக்கும்."

கடையில் நூறு பேருக்குச் சொன்ன பாடம். தண்ணீர் மாதிரி வந்துவிட்டது.

"எலி கடிச்சாக்கூடவா?" என்று இளவேனில் கேட்டாள்.

"எலி கடிச்சாலும்…" என்று ஆரம்பித்தவன் நின்றுவிட்டான். ஒரு கப்பு மட்டும் எங்கோ கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பிரவீணா அதை எடுத்து அணைத்தாள்.

"அப்ப நம்ம வூட்டு மோட்டாருக்கு எர்த்து இல்லியா?"

இல்லை என்று சொல்லாமல் இருக்க ஆயிரம் வழி இருந்தது. எர்த்தையும் எலி கடித்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். குழந்தைதானே, நம்பிவிடும். அவனை நம்பித்தானே ஊரே மோட்டார் ஓட்டுகிறது. அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தான்.

"இல்லம்மா. நைனா போடல. உங்க அம்மா கேட்டுது, போடுன்னு சொல்லிச்சி. பாறையா இருக்குது, மழ வரட்டும்னு உட்டுட்டேன். எர்த்து இருந்திருந்தா நீ சுவிட்ச போட்டாலும் ஒன்னும் ஆயிருக்காது. நீ ஒன்னும் பண்ணல கண்ணு. நாந்தான்."

டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இளவேனில் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து தன் கப்பை எடுத்தாள். கட்டைவிரலால் சுவிட்சைத் தள்ளினாள். கப்பு அவள் கையிலேயே துடித்தது. அதைக் காகிதத்தில் வைத்தாள், அது கிறுக்கிக்கொண்டே போனது. அவள் அதைப் பார்க்காமல் எழுந்து, அப்பனைத் தாண்டி, வெளியே போய்விட்டாள்.

செய்தி ஜெயராமன் வீட்டுக்கு அவனுக்கு முன்னாலேயே போய்விட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வளவன் போனபோது ஜெயராமன் வாசற்படியில் குறுக்கே நின்றான்.

"எலி மேல பழிய போட்டு ஒரு வருசம் என் வூட்ல சோறு துன்னியேடா. என் தங்கச்சிய பறிகொடுத்துட்டு உனக்கு நான் ஆறுதல் சொன்னேன் பாரு, என்னச் சொல்லணும்."

வளவன் கொண்டு வந்த பிஸ்கட்டைத் திண்ணைமேல் வைத்தான். ஜெயராமன் அதை எடுத்து ரோட்டில் வீசினான். உள்ளே கதவுக்குப் பின்னால் மகளுடைய பாவாடை தெரிந்தது. அவள் வெளியே வரவில்லை.

அடுத்த ஞாயிறு அவன் போகவில்லை. அதற்கடுத்ததும் போகவில்லை. கடையைத் திறந்தான், கம்பி சுற்றினான். யார் மோட்டார் கொண்டு வந்தாலும் எர்த்து இருக்கிறதா என்று கேட்டுப் பிடித்துக்கொண்டான். இல்லை என்றவனிடம் மோட்டாரைக் கொடுக்கமாட்டேன் என்று அடம்பிடித்தான். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று டயர் கடைக்காரர் முணுமுணுத்தார். காதில் விழுந்தும் வளவன் சண்டைக்குப் போகவில்லை, அது உண்மைதானே.

பிறகு ஒரு காலையில் போன் வந்தது. ஜெயராமன்தான். மாப்பிள்ளை என்று கூப்பிடவில்லை.

"பாப்பா மோட்டார் ரூம் வாசல்ல போய் குந்திக்கினு இருக்குது. எங்க வூட்டுக்காரி தண்ணி எறைக்கப் போனா காலக் கட்டிக்கினு அழுவுது. இந்த மோட்டாருக்கு எர்த்து எங்க இருக்குதுன்னு கேக்குது. நானும் போடல. தொண்டூர்ல எவன் போட்டான்? கரண்டுக்காரன வெச்சி போடுறன்னா ஒத்துக்க மாட்டேங்குது. அந்தாளு வந்து போடட்டும்ங்குது. வந்து போட்டுட்டு போ."

அந்தாளு. வளவன் அதையும் வாங்கிக்கொண்டான். பைப்பு, செம்புக் கம்பி, கரி மூட்டை, கல்லுப்பு எல்லாவற்றையும் வண்டியில் கட்டிக்கொண்டு போனான்.

தொண்டூர் மண் செஞ்சி மண் இல்லை. மல்லாட்டை விளைகிற மண். கடப்பாறை போட்ட இடத்தில் புதைந்தது. ஆள் ஆழக் குழிக்கு அரை நாள் எடுக்கும் என்று நினைத்து வந்தவன், டீ ஆறுவதற்குள் இடுப்பளவுக்குத் தோண்டிவிட்டான். அதைப் பார்த்ததும் அவனுக்குக் கை ஓடவில்லை. இத்தனை சுலபமான வேலையா? சரி, தன் வீட்டில் பாறை. பாறை என்றால் கம்ப்ரசர் வைத்து உடைத்திருக்கலாம். ரோட்டோரம் மண் இருந்தது, அங்கே தோண்டி ஒயரை இழுத்திருக்கலாம். குழிக்குள் நின்றபடி கடப்பாறையைப் பிடித்துக்கொண்டு, "மங்க, மங்க" என்று தேம்பினான். ஜெயராமன் திட்டவில்லை. கரி மூட்டையை எடுத்து வந்து குழி ஓரத்தில் வைத்தான்.

மீதியையும் தோண்டிப் பைப்பை நிறுத்தி, கரி ஒரு வரிசை உப்பு ஒரு வரிசையாகப் போட்டு, தண்ணீர் ஊற்ற வாயை மட்டும் விட்டு மூடினான். கம்பியை இழுத்து மோட்டார் உடம்பில் போல்ட் போட்டு முறுக்கினான். எல்லாம் முடிகிறவரை இளவேனில் வாசற்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வளவன் மோட்டார் முன்னால் ஈரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மோட்டாரின் முதுகில் கையை வைத்தான். இதில் நிரூபிக்க ஒன்றும் இல்லை என்று அவனுக்குத் தெரியும். மோட்டாரில் கசிவே இல்லை, காலையிலேயே டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டான். ஆனாலும் குழந்தைக்கு வேறு எப்படிக் காட்டுவது?

"போடு மச்சான்" என்றான்.

ஜெயராமன் சுவிட்ச் பக்கம் போனான். இளவேனில் எழுந்துவிட்டாள். "நான் போடறேன் மாமா." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டி நின்றாள். குழந்தை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு போட்டாள்.

மோட்டார் ஓடியது. தண்ணீர் தொட்டியில் சோவென்று விழுந்தது. அவள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். அப்பன் கை மோட்டார் மேலேயே இருந்தது, அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கைய எடு. போதும்" என்றாள். ஓவென்று அழுதாள். அத்தை வந்து அணைத்துக்கொண்டாள். வளவன் அருகில் போகவில்லை.

அழுது முடித்ததும் குழந்தைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. குழியைக் காட்டி, "இது அப்டியே இருக்குமா அத்த?" என்று கேட்டாள். இப்போது வளவனே பதில் சொன்னான். "மண்ணு ஈரமா இருக்கணும். காஞ்சிட்டா எர்த்து வேல செய்யாது. தெனம் தண்ணி ஊத்தணும்." அவள் உடனே போய் ஒரு குடத்தில் தண்ணீர் மொண்டு, இடுப்பில் வைக்க முடியாமல் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து, குழியின் வாயில் ஊற்றினாள். தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு உள்ளே போவதைக் குனிந்து பார்த்தாள்.

வளவன் சாமான்களைக் கட்டினான். கிளம்புகிறவன் வண்டிமேல் உட்கார்ந்தபடி, ஜெயராமன் என்ன சொல்வானோ என்றுகூடப் பார்க்காமல் கேட்டுவிட்டான்.

"நைனாகூட வூட்டுக்கு வரியாம்மா?"

ஜெயராமன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். இளவேனில் காலிக் குடத்தைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். அப்பனை நேராகப் பார்த்துத்தான் சொன்னாள்.

"நான் வந்துட்டா இதுக்கு யாரு நைனா தண்ணி ஊத்துவா? அத்த மறந்துடும்."

அத்தை ஊற்றுவாள், மாமா ஊற்றுவார், ஒரு குழாயைத் திருப்பிவிட்டால் தானே ஊறும். சொல்ல எத்தனையோ இருந்தது. ஆனால் நைனா போட்டுவிட்டுப் போனது சரியாக இருக்கிறதா என்று தினமும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிற முடிவுக்கு அந்தப் பிள்ளை வந்திருந்தாள். அதைத் தப்பு என்று சொல்ல அவனுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

"ஊத்தும்மா" என்றான். "தெனம் ஊத்து. வெயில் காலத்துல ரெண்டு கொடம் ஊத்தணும்."

"சரி" என்று சொல்லிவிட்டு, அவள் இன்னொரு குடம் மொள்ளப் போனாள். அவன் வண்டியை உதைத்தான்.